தினம் நாலு லிங்க் காட்டுற ஈ-இங்க் பலகை: தமிழ் ஒழுங்கா வர்ற வரைக்கும் நடந்தது

பலகை இப்ப சுவத்துல தொங்குது, சார்ஜ் ஏத்தாமலே மாசக்கணக்கா ஓடிட்டிருக்கு, தமிழ் எழுத்தும் உடையாம வருது. இந்த மூணும் நடந்த பிறகுதான் எழுதணும்னு வச்சிருந்தேன், அதனால இப்ப எழுதறேன். டிசைன், டெக்னாலஜி, வெப் இந்தப் பக்கமெல்லாம் மேயறப்போ நல்ல விஷயம் ஏதாவது கண்ணுல பட்டா புக்மார்க் போடுவோம், அதோட அது செத்துச்சு, திரும்ப அந்தப் பக்கமே போக மாட்டோம். எனக்கு வேண்டியிருந்தது என்னன்னா, நான் ஒரு வரி தமிழ்ல குறிப்பு எழுதி சேர்த்து வச்ச லிங்க்கும், நான் தொடர்ற ஃபீடுகள்ல (தளங்கள் புதுசா போடுறதைத் தானா பட்டியலா தர்ற ஆர்எஸ்எஸ்) அன்னைக்கு வந்ததும் சேர்ந்து, காலைல ஒரே ஒரு பக்கமா, ஸ்க்ரோல் இல்லாம, நோட்டிஃபிகேஷன் இல்லாம, காகிதம் மாதிரி சும்மா நிக்கணும். அவ்வளவுதான்.

ஈ-இங்க்தான் இதுக்கு சரின்னு முதல்லயே முடிவாயிடுச்சு. குட்டிக் குட்டி கேப்ஸ்யூலுக்குள்ள எதிரெதிர் சார்ஜ் உள்ள கறுப்பு வெள்ளைத் துகள் இருக்கு, வோல்டேஜ் குடுத்தா மேல கீழ மாறி உக்காந்துக்கும், அப்புறம் கரண்டை நிறுத்தினாலும் அப்படியே நிக்கும். ஒரு நாளைக்கு ஒரு தடவை மாறுற பக்கத்துக்கு இதைவிட பொருத்தமான திரை கிடையாது. நான் வாங்கினது 7.5 அங்குல கறுப்பு வெள்ளை பேனல், 800×480 பிக்சல், கூடவே அதோட டிரைவர் போர்டு. மூளைக்கு வைஃபை உள்ள குட்டி மைக்ரோகன்ட்ரோலர் இஎஸ்பி32, பேட்டரிக்கு 2600 மில்லி ஆம்ப் ஹவர் 18650 செல் (உருளை வடிவ லித்தியம் செல்) ஒண்ணு, சார்ஜ் பண்ண டிபி4056 மாட்யூல், அப்புறம் ஒரு ஃபோட்டோ ஃப்ரேம். மொத்த செலவுல பாதிக்கு மேல பேனலே சாப்பிட்டுடுச்சு. எல்லாத்தையும் விட விலை கம்மியான பாகம், பேட்டரி வோல்டேஜை சிப்புக்கு வேண்டிய அளவுல நிறுத்தற ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர், ஆனா கடைசில ரிசல்ட்டை மாத்தினது அதுதான், அதுக்கு பின்னாடி வரேன்.

முதல்ல எல்லாத்தையும் இஎஸ்பி32லயே பண்ணிடலாம்னு ஆரம்பிச்சேன். இந்த மாதிரி பேனலுக்கு எல்லாரும் பயன்படுத்துற ஜிஎக்ஸ்இபிடி2 லைப்ரரி அருமையா வேலை செய்யுது, ஆங்கிலம் உடனே வந்துடுச்சு. தமிழ் போட்டா 'பெயர்'ங்கிற சொல்லுல முதல்ல ப, அதுக்கு அப்புறம் ஒத்தைக் கொம்பு, அப்புறம் யர்னு வந்து நிக்குது. காரணம் எளிசுதான், இந்த வகை ஃபான்ட்ல ஒரு குறியீட்டுக்கு ஒரு படம், அவ்வளவுதான் தெரியும். கொம்பை எழுத்துக்கு முன்னாடி நகர்த்தணும், க-வும் உகரமும் சேர்ந்தா குன்னு வேற வடிவமே வரணும், புள்ளி சரியா எழுத்துக்கு மேல நடுவுல உக்காரணும், இதெல்லாம் பண்ண ஒரு ஷேப்பிங் எஞ்சின் வேணும், அது அங்க இல்ல.

சரி, தமிழ்ல மொத்தமே 247 எழுத்துதானே, எல்லாத்தையும் தனித்தனி படமா ஆக்கி ஒரு அட்டவணை போட்டுட்டா ஷேப்பிங்கே வேண்டாமேன்னு யோசிச்சேன். இது நெஜமாவே வேலை செஞ்சுது, அதைச் சொல்லியாகணும். கிரந்த எழுத்தும் சேர்த்து கம்ப்யூட்டர்ல ஒவ்வொண்ணையும் ரெண்டர் பண்ணி பிட்மேப் எடுத்து, வர்ற வரிய நீளமான பொருத்தத்துல இருந்து வெட்டி வெட்டி ஒட்டினேன், எழுத்து சரியா வந்துச்சு. ஆனா எழுத்தளவு மாத்தணும்னா புது அட்டவணை, தடிமன் மாத்தணும்னா இன்னொண்ணு, ஃபான்ட் மாத்தினா எல்லாமே முதல்ல இருந்து. லேஅவுட்டை இன்னும் முடிவு பண்ணாத நேரத்துல இது சரிப்பட்டு வராது. எப்பவும் ஒரே அளவுல ஒரே ஒரு சொல் காட்டுற கடிகாரம், தெர்மாமீட்டர் மாதிரி ஏதாவது கட்டறவங்களுக்கு இந்த வழி நல்ல வழி, தைரியமா எடுத்துக்கலாம்.

அதனால ரெண்டரிங்கை வெளிய தள்ளிட்டேன். வீட்ல எப்பவும் ஓடிட்டிருக்கிற குட்டிக் கம்ப்யூட்டர், ராஸ்பெர்ரி பை 4 ஒண்ணு இருந்துச்சு, அது பக்கத்தை முழுசா வரைஞ்சு வச்சிடும், இஎஸ்பி32 எழுந்து அந்தப் படத்தை மட்டும் எடுத்து காட்டிட்டு தூங்கிடும். இந்த ஒரு முடிவுல பாதி பிரச்சனை காணாம போச்சு.

பை-ல முதல்ல பைதானும், அதுல படம் வரையற பில்லோ லைப்ரரியும். பில்லோலயும் அதே உடைஞ்ச கொம்பு வந்துச்சு, ஏன்னா அதுல ரெண்டு லேஅவுட் எஞ்சின் இருக்கு. பேசிக்னு ஒண்ணு, ராக்ம்னு ஒண்ணு. ராக்ம்தான் உள்ள ஹார்ஃப்பஸ்ங்கற ஷேப்பிங் எஞ்சினை கூப்பிட்டு தமிழை ஒழுங்கா அடுக்கும், ஆனா அதுக்கு ஃப்ரிபிடி லைப்ரரி சிஸ்டத்துல இருக்கணும், இல்லைன்னா பேசிக்குக்கு போயிடும். பில்லோவோட ஃபீச்சர்ஸ் மாட்யூல்ல ராக்ம் இருக்கான்னு கேட்டா உண்டு இல்லன்னு சொல்லிடும், தமிழ் உடைஞ்சு வந்தா முதல்ல அதைக் கேளுங்க, ஃபான்ட்டை மாத்தி மாத்தி பாக்கறதுல புண்ணியமே இல்ல. ஃப்ரிபிடி போட்டதும் 'கொண்டாட்டம்' கொண்டாட்டமாவே வந்துச்சு.

இன்னொண்ணு, ஃபீடுகள்ல வர்ற தமிழ்ல 'கொ'வை ரெண்டு விதமா எழுதியிருப்பாங்க. கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடா ஒரு இடத்துல, தனித்தனி ரெண்டு குறியீடா இன்னொரு இடத்துல. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஆனா ஒரே தலைப்பு திரும்ப வருதான்னு ஒப்பிட்டா வேற வேறன்னு சொல்லும். உள்ள வர்ற எல்லா எழுத்தையும் யூனிகோட் என்எஃப்சிக்கு (பிரிஞ்ச குறியீடுகளை ஒண்ணா சேர்க்கற பொது வடிவம்) மாத்திடறேன், அது தீந்துச்சு. ஔகாரக் குறிக்கு பதிலா கொம்பு போட்டு ள எழுத்தை ஒட்ட வச்சிருப்பாங்க பாருங்க, அதை மட்டும் என்எஃப்சி சரி பண்ணாது, தனியா ஒரு சின்ன பட்டியல் வச்சிருக்கேன்.

பில்லோல எழுத்து சரியா வந்தாலும் லேஅவுட் கொடுமை. வரி மடிக்கணும், மூணு வரிக்கு மேல போனா வெட்டணும், இடது பக்கம் படம், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல கோடு, எல்லாத்துக்கும் பிக்சல் கணக்கு நானே போடணும். சாதாரண ஒரு வெப் பக்கமா எழுதினா இதெல்லாம் பிரவுசரே பண்ணிடுமேன்னு தோணின அன்னைக்கு அந்த நிரலை அப்படியே விட்டுட்டு ஹெச்டிஎம்எல்லுக்கு மாறிட்டேன். சிஎஸ்எஸ் கிரிட், மூணு வரில நிறுத்த லைன்-கிளாம்ப், அப்புறம் 2023ல குரோம் 114ல வந்த டெக்ஸ்ட்-ரேப் பேலன்ஸ். இந்த கடைசி ஒண்ணு தமிழுக்கு ரொம்ப முக்கியம், நம்ம சொல் எல்லாம் நீளம், கடைசி வரில ஒத்தை சொல் தொங்குறது அடிக்கடி நடக்கும், பேலன்ஸ் போட்டா வரிகள் கிட்டத்தட்ட சமமா பிரிஞ்சு நிக்குது. பிரவுசரை நிரல் மூலமா இயக்கற பிளேரைட் வச்சு குரோமியம் பிரவுசரை திரையில்லாம ஓட்டி 800×480ல ஒரு ஸ்கிரீன்ஷாட், முடிஞ்சது. பிரவுசருக்குள்ளயும் அதே ஹார்ஃப்பஸ்தான் இருக்கு, அதனால தமிழைப் பத்தி தனியா கவலையே இல்ல.

அடுத்து ஃபான்ட், இதுல நிறைய நேரம் போச்சு, போனதுல வருத்தமே இல்ல. பேனலோட காட்சிப் பரப்பு 163.2 மிமீ அகலம், அதுல 800 பிக்சல், அப்படின்னா ஒரு அங்குலத்துக்கு 124 பிக்சல்தான் வருது. போன்ல இதைவிட மூணு மடங்கு இருக்கும், அதோட அங்க சாம்பல் நிறம் உண்டு, இங்க கறுப்பு இல்லைன்னா வெள்ளை. ஓரத்தை மழுங்கடிக்க பிரவுசர் போட்ட சாம்பல் பிக்சல் எல்லாம் ஏதாவது ஒரு பக்கம் போயாகணும். 18 பிக்சல் அளவுல ண எழுத்தோட சுழி மூணும் அடைச்சுக்கிட்டு கறுப்புக் குமிழா நிக்குது, ணை, ஞ, ஜ இவங்களும் அப்படித்தான். ஆங்கிலம் அதே அளவுல நல்லா படிக்க வருது, அதனால ஆங்கிலத்துக்கு சரியா இருக்கற அளவை தமிழுக்கு வச்சு பாக்கவே கூடாது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், அனேக் தமிழ் மூணையும் ஒரே வாக்கியத்துல, ஒரே அளவுல, நேரா பேனல்லயே போட்டு பாத்தேன், மானிட்டர்ல பாக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. எனக்கு அனேக்தான் பிடிச்சிருந்துச்சு, அது வேரியபிள் ஃபான்ட், தடிமனை மட்டுமில்லாம அகலத்தையும் நகர்த்தலாம், கொஞ்சம் அகலமாக்கினா சுழிக்குள்ள வெள்ளை தங்குது. கடைசில நின்னது 24 பிக்சல் எழுத்து, 34 பிக்சல் வரி உயரம், மீடியம் தடிமன். வரி உயரத்தை 30க்கு இறக்கினா மேல் வரியோட கூ, பூ வால் கீழ் வரியோட மீ, தீ சுழியைத் தொடுது. கறுப்பு வெள்ளை பிரிக்கற எல்லையை (0 கறுப்பு, 255 வெள்ளை) 128ல வச்சா மெல்லிய கோடு அங்கங்க அறுந்து போகுது, 160க்கு ஏத்தினதும் கோடு தொடர்ச்சியா வந்துடுச்சு.

படத்துக்கு அந்த எல்லை சரிவராது, கறுப்பு வெள்ளைப் புள்ளிகளைக் கலந்து தூவி சாம்பல் மாதிரி காட்டுற டிதரிங் வேணும். ஸ்கிரீன்ஷாட் முழுசையும் டிதர் பண்ணினா எழுத்தோட ஓரமெல்லாம் உப்பு தூவின மாதிரி புள்ளி புள்ளியா ஆயிடுது. அதனால எழுத்துப் பகுதிக்கு வெறும் எல்லை, படப் பகுதிக்கு மட்டும் டிதரிங்னு பிரிச்சேன். 1976ல வந்த ஃப்ளாய்ட்-ஸ்டைன்பெர்க் முறையை முதல்ல போட்டேன், நல்லாதான் இருந்துச்சு, ஆனா ஆப்பிள்ல மேக்கின்டாஷுக்கு நிரல் எழுதின பில் அட்கின்சன் பண்ணின முறை இந்தப் பேனல்ல இன்னும் பளிச்சுன்னு இருக்கு. அவர் முறைல ஒரு பிக்சல்ல வர்ற பிழையை எட்டு பங்காக்கி ஆறு பங்கை மட்டும் பக்கத்து பிக்சலுக்கு குடுத்துட்டு ரெண்டை விட்டுடுவாங்க, அதனால வெளிச்சம் இன்னும் வெளிச்சமா, இருட்டு இன்னும் இருட்டா ஆகும். நுணுக்கம் கொஞ்சம் போகும், ஆனா தூரத்துல இருந்து பாக்கறப்போ படம் நிக்குது. 1984 மேக்கின்டாஷ் காலத்து படங்களோட அந்த அழகு இப்ப சுவத்துல இருக்கறதுல எனக்கு ரொம்ப சந்தோஷம்.

லிங்க்கை தொட முடியாதே, அதனால ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல க்யூஆர் வேணும். அஞ்சு விஷயம் போடணும்னுதான் நினைச்சிருந்தேன். நெஜ லிங்க்கை அப்படியே க்யூஆர் ஆக்கினா லிங்க் நீளத்துக்கு ஏத்தாப்ல கட்டம் பெருத்துக்கிட்டே போகுது, அதனால பை-லயே ரெண்டெழுத்து குறுக்கு முகவரி வச்சு அங்க இருந்து திருப்பி விடறேன், வீட்டு வைஃபைல மட்டும் வேலை செஞ்சா எனக்கு போதும். இதுல ஒரு நல்ல விஷயம் கிடைச்சுது. க்யூஆர்ல பெரிய ஆங்கில எழுத்து, எண், இன்னும் சில குறி மட்டும் இருந்தா அதுக்குன்னு தனி முறை இருக்கு, இடம் கம்மியா பிடிக்கும். ஹெச்டிடிபில இருந்து கடைசி எழுத்து வரைக்கும் எல்லாத்தையும் பெரிய எழுத்துல போட்டேன், மொத்தம் 22 எழுத்து, இருக்கறதுலயே சின்னதான 21×21 கட்டத்துல அடங்கிடுச்சு, அதுல இந்த முறைல 25 வரைக்கும் போகும். சின்ன எழுத்துல போட்டா 25×25 கட்டத்துக்கு தாவிடும். ஒரு கட்டத்துக்கு 3 பிக்சல்னு வச்சா 63, சுத்தி நாலு கட்ட வெள்ளை விடணும், ஆக 87 பிக்சல். 3 பிக்சல்ங்கிறது 0.6 மிமீதான், ஆனா போன் ஒரு கை தூரத்துல இருந்தே உடனே பிடிச்சுக்குது.

இப்ப உயரத்தைக் கணக்கு போட்டா, மேல கீழ ஓரம் 24, தேதி வரி 36, மிச்சம் 420. மூணு வரி தமிழுக்கு 102 வேணும், அப்ப ஒரு விஷயத்துக்கு 105, அதாவது நாலுதான். எழுத்தைக் குறைச்சு அஞ்சாவதைத் திணிச்சு பாத்தேன், மறுபடி சுழி அடைக்க ஆரம்பிச்சுது, விட்டுட்டேன். நாலுன்னு ஆனது நல்லதுக்குத்தான், ஏன்னா எதை எடுக்கறதுங்கறதுல கறார் வந்துடுச்சு. நான் எழுதின குறிப்பு இருந்தா அதுக்கு முதல் இடம், ஒரு ஃபீட்ல இருந்து ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு மேல கிடையாது, ஏற்கனவே வந்தது திரும்ப வராது. இந்த மூணே விதிதான். ஒரு நாள் வந்தது, 1976ல வெளியான நாசாவோட கிராஃபிக்ஸ் மேனுவல் ஸ்கேன், அதுக்கு என் குறிப்பு 'நாசாங்கற எழுத்துல ரெண்டு ஏ-வுக்கும் குறுக்குக்கோடே இல்ல, பாரு'. காலைல பாத்துட்டு நெஜமாவே போய் முழுசா புரட்டினேன், புக்மார்க்ல கிடந்திருந்தா நடந்திருக்காது.

ஃபீட் படிக்கிறது பைதான் ஃபீட்பார்சர். ஆர்எஸ்எஸ் செத்துடுச்சுன்னு கூகுள் ரீடர் 2013ல மூடினதுல இருந்து சொல்லிட்டேதான் இருக்காங்க, நான் கேட்ட தளங்கள்ல பெரும்பாலும் இன்னும் ஃபீட் இருக்கு, பக்கத்தோட மூல நிரலைத் திறந்து தேடினா கிடைச்சுடும். ஃபீட் வச்சிருக்கறவங்களுக்கு தொந்தரவு குடுக்காம இருக்க ஈடேக் (போன தடவை வந்த பதிப்போட அடையாளக் குறி) அனுப்பிக் கேக்கறேன், மாத்தம் இல்லைன்னா 304ன்னு ஒரு வரில பதில் வந்துடும். திரும்ப வருதான்னு பாக்க ஃபீட்ல இருக்கற ஐடி மட்டும் போதாது, சில இடத்துல அதுவே மாறிட்டிருக்கு, அதனால லிங்க்குல இருக்கற டிராக்கிங் வாலை எல்லாம் வெட்டிட்டு அதையும் ஒப்பிடறேன்.

படத்தை பிஎன்ஜியா அனுப்பல, ஒரு பிக்சலுக்கு ஒரு பிட்டுன்னு சரியா 48,000 பைட், அப்படியே. இஎஸ்பி32 எதையும் விரிக்க வேண்டியதில்ல, வாங்கி பேனலுக்கு தள்ளினா போதும். தூங்குற நேரத்தையும் சர்வரே சொல்லுது, பதிலோட ஹெடர்ல இத்தனை செகண்ட் தூங்குன்னு ஒரு எண். இது ஏன்னா இஎஸ்பி32 தூங்கும்போது எண்ணுற உள் கடிகாரம் துல்லியம் இல்ல, 24 மணி நேரம்னு சொன்னா பத்து இருபது நிமிஷம் முன்ன பின்ன எழுந்துக்கும், அந்த நகர்வு நாளாக நாளாக சேர்ந்துக்கிட்டே போகும். எழுந்த ஒவ்வொரு தடவையும் சர்வர் அடுத்த காலை வரைக்கும் புதுசா கணக்கு போட்டு குடுத்தா சேராது. பேனல்ல படம் மாறினதும் அதையும் மறக்காம தூங்க வைக்கணும், ஹைபர்னேட்னு லைப்ரரிலயே இருக்கு, உயர் வோல்டேஜ்லயே விட்டு வச்சா பேனல் கெட்டுப் போகும்.

இப்ப ரெகுலேட்டர். முதல்ல போட்டது சாதாரண டெவ் போர்டு, ஃபுல் சார்ஜ் ரெண்டு வாரம்கூட தாங்கல. மல்டிமீட்டரை தொடர்ல வச்சு பாத்தா தூங்கறப்போவே 8 மில்லி ஆம்ப் போகுது. சிப் தூங்குது, ஆனா போர்டு தூங்கல: ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் சும்மா இருக்கவே அஞ்சு மில்லி ஆம்ப் கிட்ட எடுத்துக்கும், யுஎஸ்பி சிப் ஒரு பக்கம், பவர் எல்இடி ஒரு பக்கம். அதை எல்லாம் விட்டுட்டு வெறும் இஎஸ்பி32 மாட்யூலை அடாப்டர் தட்டுல சால்டர் பண்ணினேன், 1.27 மிமீ இடைவெளி, நல்ல ஃப்ளக்ஸும் மெல்லிய முனையும் இருந்தா வந்துடும். ரெகுலேட்டருக்கு ஹெச்டி7333, சும்மா இருக்கறப்போ நாலைஞ்சு மைக்ரோ ஆம்ப்தான். ஆனா வைஃபை ஆன் ஆகற நொடில பிரவுன்அவுட்னு (வோல்டேஜ் போதாம இறங்கிடுச்சுன்னு) சீரியல்ல செய்தி, ரீஸ்டார்ட், மறுபடி அதே. அதோட வரம்பு 250 மில்லி ஆம்ப், இஎஸ்பி32க்கு 500 தர்ற சப்ளை வேணும்னு டேட்டாஷீட்லயே இருக்கு. ஏபி2112கே போட்டு, 600 மில்லி ஆம்ப் தரும், சும்மா இருக்க 55 மைக்ரோ ஆம்ப், கூட ஒரு 470 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர். பிரவுன்அவுட் அதோட நின்னுச்சு. இப்ப தூங்கறப்போ மொத்தம் 90 மைக்ரோ ஆம்ப், நாளைக்கு 2 மில்லி ஆம்ப் ஹவர் சொச்சம், எழுந்து 25 செகண்ட் வேலை செய்யறதுக்கு 1க்கும் கீழ. முன்னாடி தூங்கறதுக்கு மட்டும் நாளைக்கு 190 போயிட்டிருந்துச்சு. இப்ப கணக்குப்படி ரெண்டு வருஷம் வரும், செல் தானா இறங்குறதை எல்லாம் கழிச்சு ஒரு வருஷம் வந்தாலே எனக்கு போதும்.

ஃப்ரேம்ல கவனிக்க வேண்டியது, பேனல் கண்ணாடி 170.2×111.2 மிமீ, அதுல காட்சி 163.2×97.92தான், அதுவும் நடுவுல இல்ல, ரிப்பன் கேபிள் இருக்கற பக்கம் ஓரம் அதிகம். கண்ணாடியை நடுவுல வச்சா படம் ஒரு பக்கம் தள்ளி நிக்கும். மவுன்ட் போர்டுல 161×96 ஜன்னல் வெட்டி, பேனல்ல முழுக் கறுப்புப் படம் ஒண்ணை போட்டு வச்சுக்கிட்டு ஜன்னலை அது மேல நகர்த்தி ஒட்டினேன், ஸ்கேல் வச்சு அளக்கறதைவிட இது சுலபம். ஜன்னல் ஒவ்வொரு பக்கமும் ஒரு மிமீ போல மறைக்கும், அஞ்சு பிக்சல், அதுக்குத்தான் ஓரத்துல 12 பிக்சல் விட்டிருக்கேன். நேரடி வெயில் படாத சுவரா பாத்து மாட்டுங்க.

அடுத்த தடவை கட்டினா 18650 வேண்டாம், அதோட 18 மிமீ குறுக்களவுக்காக ஃப்ரேமை 25 மிமீ ஆழம் ஆக்க வேண்டி வந்துச்சு, தட்டையான லித்தியம் பாலிமர் செல் போட்டா சுவத்தோட ஒட்டி நிக்கும். ரிப்பன் கேபிளை ஒரே தடவை மடிச்சு வைக்கற மாதிரி டிரைவர் போர்டுக்கு முன்னாடியே இடம் குறிச்சுக்குவேன், சோதனை பண்றப்போ திரும்பத் திரும்ப மடிச்சதுல அந்த மடிப்புல வெள்ளைக் கோடு விழுந்திருக்கு. நாலு சாம்பல் அளவு காட்டுற முறையையும் முயற்சி பண்ணணும், அதுல 20 பிக்சல்லயே ண சுழி திறந்து நின்னா அந்த அஞ்சாவது லிங்க்குக்கு இடம் கிடைச்சுடும்.